பழைய 911 காரில் ஏசி: கேஸை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

உங்களிடம் இருப்பது 1987ஆம் ஆண்டு வெளிவந்த போர்ஷே 911 கரேரா. ஏசி தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டது. வெயில் காலம் தொடங்கும்போது கேஸ் நிரப்பினால் சில வாரங்களில் இறங்கிவிடுகிறது. நெடுஞ்சாலையில் ஓடும்போது ஓரளவு குளிர்கிறது, போக்குவரத்து நெரிசலில் நின்றதும் வெறும் காற்றுதான் வருகிறது. காரில் முதலிலிருந்தே உள்ள ஆர்-12 என்ற குளிரூட்டும் கேஸிலிருந்து, அதற்குப் பின் வந்த ஆர்-134ஏ கேஸுக்கு மாறினால் இது சரியாகுமா, அல்லது எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் புதிதாகப் போட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேஸை மட்டும் மாற்றினால் சரியாகாது; நெரிசலில் இப்போது கிடைப்பதைவிடக் குறைவான குளிர்ச்சியே கிடைக்கும். எல்லாவற்றையும் கழற்ற வேண்டிய அவசியமும் இல்லை. நீங்கள் சொன்ன அறிகுறிகளில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு கோளாறுகள் தெரிகின்றன. ஒன்று கசிவு. மற்றொன்று, காருக்குள்ளிருந்து எடுத்த வெப்பத்தை வெளியே விடக் காருக்குப் போதிய வழி இல்லாதது. இந்த இரண்டையும் தீர்க்காமல் எந்தக் கேஸை நிரப்பினாலும் அடுத்த ஆண்டும் இதே கேள்வியோடுதான் நிற்பீர்கள். ஆகவே கேஸைப் பற்றிப் பிறகு பேசலாம், முதலில் கசிவு.

கேஸ் பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதில்லை. கேஸை அழுத்தும் கம்ப்ரசர், அதன் வெப்பத்தை வெளியே விட்டுத் திரவமாக்கும் கண்டென்சர், ஈரத்தை உறிஞ்சும் டிரையர், அழுத்தத்தைக் குறைக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வு, காருக்குள் வரும் காற்றைக் குளிர்விக்கும் எவாபரேட்டர் ஆகியவற்றின் வழியே அதே கேஸ் மீண்டும் மீண்டும் சுற்றி வருகிறது. அது குறைந்தால் எங்கோ வெளியேறியிருக்கிறது என்பது மட்டுமே பொருள். 911 காரில் அது வெளியேற இடம் அதிகம். எஞ்சினும் கம்ப்ரசரும் பின்னால், எவாபரேட்டர் முன்னால், கண்டென்சர்களில் ஒன்று எஞ்சின் மூடியின் அடியில், இன்னொன்று முன்பக்க பம்பருக்குக் கீழே. இவற்றை இணைக்கும் ஹோஸ்கள் காரின் நீளம் முழுவதும் அடிப்பகுதியில் ஓடுகின்றன. அக்கால ஹோஸ்களில் உள்ளே நைலான் அடுக்கு கிடையாது. வெறும் ரப்பர் சுவர் வழியாகவே கேஸ் மெல்ல மெல்ல ஊடுருவி வெளியேறும். எஞ்சின் முன்னால் இருக்கும் காரில் ஹோஸ் குட்டையாக இருப்பதால் இந்த இழப்பு பல ஆண்டுகளுக்குக் கண்ணில் படாது. உங்கள் காரில் ஹோஸ் புதிதாக இருந்தபோதே பட்டிருக்கும். ஆர்-134ஏ மூலக்கூறு ஆர்-12 மூலக்கூறைவிடச் சிறியது என்பதால், பழைய ஹோஸோடு கேஸை மட்டும் மாற்றுபவர்களுக்கு இழப்பு இன்னும் கூடுகிறது. எனவே நைலான் உள்ளடுக்கு கொண்ட, பேரியர் ஹோஸ் எனப்படும் வகைக்கு எல்லா ஹோஸ்களையும் மாற்றுவது இந்தக் காரில் தவிர்க்க முடியாத செலவு. பழைய ஹோஸின் இரு முனைகளிலும் உள்ள உலோக ஃபிட்டிங்குகள் நல்ல நிலையில் இருந்தால் அவற்றையே புதிய ஹோஸில் கிரிம்ப் செய்து, அதாவது உலோக வளையத்தால் நெருக்கிப் பிடிக்கவைத்து, தரச் சொல்லலாம். ஆனால் கிரிம்ப் செய்யும் வளையம் பேரியர் ஹோஸுக்கென்றே வடிவமைக்கப்பட்டதாக இருக்க வேண்டும்.

ஆனால் ஊடுருவல் மட்டுமே காரணமாக இருந்தால் கேஸ் ஒரு பருவமாவது தாங்கும். சில வாரங்களில் இறங்குகிறது என்றால் வேறொரு நேரடிக் கசிவும் இருக்கிறது. அதைத் தேட முதலில் ஒரு டார்ச் விளக்கு போதும். கேஸ் தனியாக வெளியேறுவதில்லை, கம்ப்ரசர் ஆயிலையும் சிறிது இழுத்துக்கொண்டு வரும். அந்த ஆயிலில் தூசி ஒட்டி, கசியும் இணைப்பைச் சுற்றி ஈரப்பசையுள்ள கருவளையமாகப் படிந்திருக்கும். கம்ப்ரசரின் கிளட்ச் தட்டுக்குப் பின்னால் அத்தகைய படிவு சிதறியிருந்தால், சுழலும் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் ஷாஃப்ட் சீல் போய்விட்டது. டிரையரின் ஃபிட்டிங்கில் இருந்தால் ஓ-ரிங் எனப்படும் ரப்பர் வளையம். கண்டென்சரின் துடுப்புகளுக்கு நடுவே இருந்தால் கல்லடிபட்ட துளை. கண்ணுக்குத் தெரியாவிட்டால் மீதமுள்ள கேஸை மீட்பு இயந்திரத்தால் உறிஞ்சி எடுத்துவிட்டு, உலர் நைட்ரஜனை ரெகுலேட்டர் வழியாகச் சுமார் 150 பிஎஸ்ஐ வரை செலுத்தி, ஒவ்வோர் இணைப்பிலும் சோப்பு நீர் பூசிப் பார்க்க வேண்டும். பட்டறைக் கம்ப்ரசரின் காற்றைப் பயன்படுத்தினால் அதிலுள்ள ஈரம் உள்ளே போய்விடும். ஆக்சிஜனை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது. ஆயிலோடு அழுத்தத்தில் சேர்ந்தால் அது வெடிக்கும். மீட்பு இயந்திரத்தை வலியுறுத்துவதற்கும் காரணம் உண்டு. ஒரு கிலோ ஆர்-12 நூறாண்டுக் கணக்கில் ஏறத்தாழ 10,900 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான வெப்பத்தை வளிமண்டலத்தில் பிடித்து வைக்கிறது. ஓசோன் படலத்துக்கு அது செய்யும் கேடு தனி. வால்வைத் திறந்து காற்றில் விடுவது பல நாடுகளில் சட்டப்படி குற்றம். குற்றமாக இல்லாத இடத்திலும் செய்யத் தகாதது.

பிரிக்கும் இணைப்புகள் ஒவ்வொன்றிலும் ஓ-ரிங்கை மாற்றுங்கள், பழையது நன்றாகத் தெரிந்தாலும். ஹெச்என்பிஆர் எனும் செயற்கை ரப்பர் வகை ஓ-ரிங்குகள் இரண்டு கேஸ்களுக்கும், எல்லா ஆயில்களுக்கும் ஒத்துவரும். பெரும்பாலும் பச்சை நிறத்தில் கிடைக்கும். மாட்டும்போது ஓ-ரிங்கில் மினரல் ஆயிலைப் பூசுங்கள். ஆர்-134ஏ-வோடு பயன்படும் செயற்கை ஆயிலான பிஏஜி ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, நாளடைவில் இணைப்பின் மரையை அரித்துவிடும். இறுக்கும்போது இரண்டு ஸ்பேனர்கள் வேண்டும்: ஒன்று நட்டைத் திருப்ப, இன்னொன்று எதிர்ப்பக்கக் குழாயை அசையாமல் பிடிக்க. ஒரே ஸ்பேனரால் திருப்பினால் அலுமினியக் குழாய் முறுக்கிக்கொண்டு, அன்று கசியாமல் சில மாதங்கள் கழித்து வெடிப்பு விடும். அது எவாபரேட்டரின் குழாயாக இருந்தால் முழுப் பெட்டியையும் மீண்டும் வெளியே எடுக்க வேண்டியிருக்கும்.

இனி வெப்பம். என் பார்வையில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் ஏசி தோற்பது பெரும்பாலும் இங்கேதான். எவாபரேட்டர் காருக்குள்ளிருந்து எடுக்கும் வெப்பத்தோடு கம்ப்ரசர் செய்யும் வேலையின் வெப்பமும் சேர்ந்து கண்டென்சர் வழியாக வெளியேறியாக வேண்டும். வெளியேறாத வெப்பம் உயர் அழுத்தமாக மாறுகிறது. அழுத்தம் உயர உயரக் கம்ப்ரசர் தள்ளும் கேஸின் அளவு குறைகிறது, குளிர்ச்சியும் குறைகிறது. உங்கள் காரின் பின் கண்டென்சர் எஞ்சின் மூடியில் இருக்கிறது. எஞ்சினைக் குளிர்விக்கும் விசிறி அதன் வழியாகத்தான் காற்றை இழுக்கிறது. கார் ஓடும்போது இது நல்ல ஏற்பாடு. ஐடிலிங்கில் அந்த விசிறியின் வேகம் குறைவு. எஞ்சின் அறையிலிருந்து எழும் வெப்பம் அந்தக் கண்டென்சரையே சூடாக்குகிறது. பத்து நிமிடம் நெரிசலில் நின்ற பிறகு அந்த மூடியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அதிக நேரம் வைத்திருக்க முடியாது. அந்தச் சூட்டில் கேஸ் எப்படித் திரவமாகும்? முன் கண்டென்சருக்குத் தனி மின்விசிறி உண்டு, ஆனால் சாலையை ஒட்டி இருப்பதால் இலை, பூச்சி, மணல் ஆகியவை அடைத்து, துடுப்புகள் மடங்கி, பல கார்களில் அது பாதி வேலைதான் செய்கிறது. விசிறி மோட்டார் நின்றுபோனது உரிமையாளருக்கே தெரியாமல் இருப்பதும் உண்டு.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. தாழ், உயர் அழுத்தங்களைக் காட்டும் மேனிஃபோல்டு கேஜை இணைத்து, ஏசியை முழு வேகத்தில் ஓடவிட்டு, ஐடிலிங்கில் உயர் அழுத்தத்தையும் நடு வென்ட்டின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு முன் கண்டென்சரின் மேல் மட்டும் தண்ணீரைத் தூவுங்கள். எஞ்சின் மூடியின் மேல் தூவாதீர்கள், கீழே மின் இணைப்புகளும் சூடான எஞ்சினும் இருக்கின்றன. அழுத்தம் சட்டென்று இறங்கி, வென்ட்டில் குளிர் கூடினால், உங்களுக்கு வேண்டியது அதிகக் கண்டென்சர் பரப்பும் அதிகக் காற்றும். தண்ணீர் தூவியும் எதுவும் மாறவில்லை என்றால் கம்ப்ரசரையோ எக்ஸ்பான்ஷன் வால்வையோ பார்க்க வேண்டும். நீங்கள் விவரித்ததை வைத்துப் பார்த்தால் முதலாவதுதான் நடக்கும் என்று நினைக்கிறேன்.

தீர்வாக, முன் கண்டென்சரைப் பேரலல் ஃபுளோ வகைக்கு மாற்றலாம். பழைய வகையில் ஒரே நீண்ட குழாய் வளைந்து வளைந்து செல்லும். இதில் தட்டையான பல குழாய்களில் கேஸ் ஒரே நேரத்தில் பிரிந்து ஓடுவதால் அதே இடத்தில் கூடுதல் வெப்பம் வெளியேறும். கூடவே பின்சக்கர வளைவுக்குள் சொந்த விசிறியோடு கூடிய சிறிய கண்டென்சர் ஒன்றைச் சேர்ப்பது இந்தக் கார்களில் நன்கு பலன் தந்திருக்கிறது, ஏனென்றால் அது எஞ்சினின் சூட்டையோ காரின் வேகத்தையோ நம்பியிருக்காது. சிலர் பின் மூடிக் கண்டென்சரையே எடுத்துவிடுகிறார்கள். எஞ்சினுக்குக் குளிர்ந்த காற்று கிடைக்கும் என்பது அதில் உண்மையான ஆதாயம்; ஆனால் அதற்கு ஈடான பரப்பை வேறிடத்தில் சேர்த்த பிறகே அதைச் செய்ய வேண்டும்.

இப்போது கேஸுக்கு வருவோம். உங்கள் கார் வெளிவந்த அதே 1987ஆம் ஆண்டில்தான், ஓசோனைக் கெடுக்கும் கேஸ்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. வளர்ந்த நாடுகளில் ஆர்-12 உற்பத்தி 1996ஆம் ஆண்டின் தொடக்கத்தோடும், மற்ற நாடுகளில் 2010ஆம் ஆண்டோடும் முடிவுக்கு வந்தது. மீட்டுச் சுத்திகரித்த கேஸ் சில நாடுகளில் இன்னும் சட்டப்படி கிடைக்கிறது. கிடைக்குமானால், எல்லாம் அசலாக இருக்க வேண்டும் என்று விரும்பும் உரிமையாளர் கசிவுகளை அடைத்துவிட்டு ஆர்-12-லேயே தொடர்வதில் தவறில்லை. அது கிடைக்காதவர்களுக்கு ஆர்-134ஏ ஒன்றுதான் நடைமுறைத் தேர்வு. இரண்டுக்கும் வேறுபாடு எண்களில் தெரியும்: கண்டென்சருக்குள் 60 டிகிரியில் திரவமாக ஆர்-12-க்குச் சுமார் 207 பிஎஸ்ஐ போதும், ஆர்-134ஏ-வுக்குச் சுமார் 230 பிஎஸ்ஐ வேண்டும். சூடு கூடக் கூட இந்த இடைவெளியும் விரிகிறது. கண்டென்சர் பலவீனமான காரில் கேஸை மட்டும் மாற்றுவதை நான் தடுப்பது இதனால்தான். புதிய கார்களில் வரும் ஆர்-1234ஒய்எஃப் கேஸைப் பழைய காரில் போடுவதால் குளிர்ச்சி கூடாது, செலவு மட்டுமே கூடும். புரொப்பேன், ஐசோபியூட்டேன் கலந்த மாற்றுக் கேஸ்கள் குளிர்ச்சி தரும் என்பது உண்மைதான். ஆனால் எவாபரேட்டரில் கசிவு ஏற்பட்டால் மூடிய கேபினுக்குள் எரிவாயு நிறையும். நாற்பது வயதை நெருங்கும் வயரிங் உள்ள காரில் அதை ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். கசிவை அடைக்கும் சீலண்ட் கலந்த கேன்களும் வேண்டாம். அவை எக்ஸ்பான்ஷன் வால்வையும் மீட்பு இயந்திரத்தையும் அடைத்துவிடும்.

ஆர்-134ஏ என்று முடிவு செய்தால் ஆயிலும் மாற வேண்டும். ஆர்-12-உடன் ஓடிய மினரல் ஆயில் ஆர்-134ஏ-வில் கரையாது. கேஸ் சுற்றும்போது ஆயில் எவாபரேட்டரின் அடியில் தங்கிவிட, கம்ப்ரசர் வறண்டு பிடித்துக்கொள்ளும். புதிய கம்ப்ரசர் போடுவதாக இருந்தால் அதன் தயாரிப்பாளர் சொல்லும் தடிமனில் பிஏஜி ஆயில். பழைய கம்ப்ரசரையே வைத்துக்கொள்வதாக இருந்தால், மீந்திருக்கும் பழைய ஆயிலையும் குளோரினையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும் எஸ்டர் ஆயில். கம்ப்ரசரைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்து, ஷாஃப்ட்டைக் கையால் சுற்றி ஆயில் முழுவதையும் அளவுக் குவளையில் வடியுங்கள். வடிந்த ஆயிலில் வெள்ளி நிறப் பொடி மின்னினால் கம்ப்ரசர் உள்ளே தேய்ந்துகொண்டிருக்கிறது. அப்போது குழாய்களைத் திரவம் விட்டுக் கழுவ வேண்டும். பேரலல் ஃபுளோ கண்டென்சரின் நுண்துளைகளுக்குள் சென்ற பொடி கழுவினால் வராது என்பதால் அதைப் புதிதாகவே போட வேண்டும். டிரையரை எப்படியும் மாற்றுங்கள். ஆர்-12 காலத்து டிரையரில் உள்ள எக்ஸ்ஹெச்-5 வகை ஈரம் உறிஞ்சும் மணிகள் ஆர்-134ஏ-வுக்கு ஏற்றவை அல்ல. எக்ஸ்ஹெச்-7 அல்லது எக்ஸ்ஹெச்-9 இருக்க வேண்டும். புதிய டிரையரின் மூடிகளை எல்லா வேலையும் முடிந்த பின், உள்ளிருக்கும் காற்றைப் பம்பால் உறிஞ்சி வேக்கம் போடுவதற்குச் சற்று முன்புதான் திறக்க வேண்டும். திறந்து வைத்த டிரையர் சில மணி நேரத்தில் அறையின் ஈரத்தையே குடித்துவிடும்.

வேக்கம் போடுவதில் அவசரம் கூடாது. உள்ளே தங்கிய தண்ணீரை வெளியேற்ற அதைக் கொதிக்க வைத்தாக வேண்டும். 25 டிகிரியில் தண்ணீர் கொதிக்க அழுத்தம் சுமார் 32 மில்லிபாருக்குக் கீழே இறங்க வேண்டும். நல்ல பம்பில் ஒரு மணி நேரமாவது ஓடவிட்டு, வால்வை மூடி, அரை மணி நேரம் முள் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு கேஸை எடை போட்டு நிரப்ப வேண்டும். ஆர்-134ஏ-வின் அளவு, அதே அமைப்பில் ஆர்-12-க்குச் சொல்லப்பட்ட எடையில் 80 முதல் 90 விழுக்காடு. கண்டென்சர் சேர்த்திருந்தால் அதற்கேற்பக் கொஞ்சம் கூடும். பழைய பழக்கத்தில், கேஸ் ஓடுவதைக் காட்டும் சிறு கண்ணாடியான சைட் கிளாஸில் குமிழி மறையும் வரை நிரப்புபவர்கள் இங்கே தவறிவிடுகிறார்கள். ஆர்-12-இல் குமிழி மறைந்தால் நிறைந்தது என்று பொருள். ஆர்-134ஏ-வில் சரியான அளவு இருக்கும்போதும் கண்ணாடி பால் கலந்தாற்போலத் தெரியலாம். அதைத் தெளிவாக்க முயன்று கூடுதலாக நிரப்பினால் உயர் அழுத்தம் ஏறி, குளிர்ச்சி குறைந்து, ஷாஃப்ட் சீலும் பழுதாகும். முதல் முறை ஓட்டுவதற்கு முன் கம்ப்ரசரின் கிளட்ச் தட்டைக் கையால் பத்து முறையாவது சுற்றிவிடுங்கள். உள்ளே தேங்கிய திரவத்தைக் கம்ப்ரசர் அழுத்த முயன்றால் வால்வுத் தகடு உடையும்.

எல்லாம் முடிந்தபின், வெளியே 30 முதல் 35 டிகிரி இருக்கும் நாளில், எஞ்சினை 1,500 முதல் 2,000 சுழற்சியில் வைத்தால் தாழ் அழுத்தம் 25 முதல் 40 பிஎஸ்ஐ, உயர் அழுத்தம் 200 முதல் 250 பிஎஸ்ஐ அளவில் நிற்க வேண்டும். இரண்டும் குறைவாக இருந்தால் கேஸ் போதவில்லை. இரண்டும் கூடுதலாக இருந்தால் கேஸ் மிகை, அல்லது உள்ளே காற்று, அல்லது கண்டென்சருக்குக் காற்றோட்டம் இல்லை. தாழ்பக்கம் கூடி உயர்பக்கம் குறைந்தால் கம்ப்ரசர் களைத்துவிட்டது. தொடக்கத்தில் நன்றாக இருந்து, சிறிது நேரத்தில் தாழ்பக்கம் வேக்கத்துக்குப் போய், நிறுத்தி வைத்தால் மீண்டும் சரியானால், எக்ஸ்பான்ஷன் வால்வின் வாயில் ஈரம் உறைகிறது. வேக்கத்தில் காட்டிய அவசரத்தின் விளைவு அது.

மின்பக்கம் இரண்டு சொற்கள். பல பழைய கார்களில் அழுத்தச் சுவிட்ச் கிடையாது. கேஸ் முழுவதும் போனாலும் கம்ப்ரசர் சுற்றிக்கொண்டே தன்னை அழித்துக்கொள்ளும். டிரையரில் டிரைனரி சுவிட்ச் பொருத்தினால் அழுத்தம் மிகக் குறைந்தாலும் மிகக் கூடினாலும் கிளட்ச்சை விடுவிக்கும், இடைநிலையில் விசிறியையும் இயக்கும். விசிறிகளுக்கும், கேபினுக்குள் காற்று வீசும் பிளோயருக்கும் மின்சாரத்தை ரிலே வழியாக நேரே கொடுங்கள். பழைய டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகச் செல்லும்போது மோட்டாருக்குப் போய்ச் சேரும் வோல்டேஜைக் கருவியால் அளந்து பாருங்கள். இரண்டு வோல்ட் வரை வழியிலேயே தொலைந்திருக்கக் கூடும்.

காற்றில் குளிரும் 911 காருக்கே உரிய இன்னொரு இடம், புகைபோக்கியைச் சுற்றியுள்ள ஹீட் எக்ஸ்சேஞ்சரிலிருந்து கேபினுக்கு வரும் சூடான காற்றை மூடும் ஃபிளாப்புகள். அவை முழுவதும் மூடாமல் ஒரு கோடளவு திறந்திருந்தாலும் ஏசி ஒருபக்கம் குளிர்விக்க, எஞ்சின் மறுபக்கம் சூடேற்றிக்கொண்டிருக்கும். காரை உயர்த்தி, லீவரை முழுதாக மூடிவைத்து, கேபிள் நீண்டிருக்கிறதா, ஃபிளாப் துருவில் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது அரை மணி நேர வேலை. ஏசியில் கை வைப்பதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். தண்ணீரால் குளிரும் கார்களில் இதே இடத்தை ஹீட்டர் வால்வு வகிக்கிறது.

பராமரிப்பு என்று பார்த்தால், குளிர்காலத்திலும் மாதம் ஓரிரு முறை பத்து நிமிடம் ஏசியை ஓடவிடுவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். கேஸோடு சுற்றும் ஆயில்தான் ஷாஃப்ட் சீலை நனைத்து வைக்கிறது. மாதக்கணக்கில் நிற்கும் காரில் சீல் வறண்டு, வெயில் காலத்தில் முதல் முறை போட்டதும் கசியத் தொடங்கும். ஆண்டுக்கு ஒருமுறை முன் கண்டென்சரை உட்புறமிருந்து வெளிப்புறமாக மெல்லிய நீர்வீச்சில் கழுவி, மடங்கிய துடுப்புகளை நிமிர்த்தி, விசிறி சுற்றுகிறதா என்று கண்ணால் பாருங்கள். எவாபரேட்டர் பெட்டியின் வடிகுழாயில் அடைப்பு இருந்தால் தண்ணீர் உள்ளே தேங்கி நாற்றமடிக்கும், தரைவிரிப்புக்கு அடியில் உலோகமும் துருப்பிடிக்கும். பெல்ட்டின் இறுக்கத்தை அதோடு சேர்த்தே பார்த்துவிடலாம்.

கேஸ் மாற்றிய பின் சார்ஜிங் போர்ட்டுகளில் ஆர்-134ஏ-வுக்கான விரைவு இணைப்பு அடாப்டர்களைப் பொருத்துங்கள்: தாழ்பக்கம் 13 மில்லிமீட்டர், உயர்பக்கம் 16 மில்லிமீட்டர். பழைய மரை அப்படியே இருந்தால் அடுத்த மெக்கானிக் ஆர்-12 என்று நினைத்து வேறெதையாவது நிரப்பிவிடுவார். கேஸின் பெயர், எடை, ஆயிலின் வகையும் அளவும், தேதி ஆகியவற்றை எழுதிய வில்லை ஒன்றை முன் டிக்கியில் ஒட்டிவையுங்கள். கழற்றிய அசல் கண்டென்சரையும் ஃபிட்டிங்குகளையும் முனைகளை மூடிப் பத்திரமாக எடுத்து வையுங்கள்; இந்த வயதுக் கார்களை வாங்குபவர்கள் அவற்றைக் கேட்பார்கள்.